டாலஸ் நடராஜனின் டெலிபோன் நம்பர்

ஆகஸ்ட் 12, செவ்வாய். ஏதென்ஸ்.

வெயில். காலை டிபனுக்கு முன்பே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று அமெரிக்காவில், சான் ஹோசே வீட்டிலேயே சொன்னவன் நான். ஓட்டலில் ஏ.சி. ஓடாது என்றேன், ஓடவில்லை. சோறு கிடைக்காது என்றேன், கிடைக்கவில்லை. பாஸ்கருக்கு வயிறு கெடும் என்றேன், கெட்டுவிட்டது. நான் சொல்லி நடக்காதது எது?

மூன்று பேர் வந்திருக்கிறோம். பாஸ்கர் மெட்ராஸ்காரன், கல்யாணம் ஆகவில்லை, வாய் மட்டும் வளர்ந்திருக்கிறது. செந்தில் கோபிப் பக்கம், அதிர்ந்து பேசமாட்டான். இரண்டு பேரும் கம்ப்யூட்டர். நான் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டவன். ஆனாலும் இந்த ட்ரிப்புக்கு மூளை நான்தான்.

மலை மேல் இருக்கிற இடிந்த கோயிலுக்கு ஏறினோம். நிழல் இல்லை, ஒரு குழாய் இல்லை. இவ்வளவு பெரிய தூணை எப்படி நிறுத்தியிருப்பார்கள் என்று கைடு பெண்ணுக்கே விளக்கினேன். வாயைப் பிளந்து கேட்டாள்.

பாஸ்கர்: "அவ கொட்டாவி விட்டா அங்கிள்."

செந்தில் கோயிலைப் பார்த்ததைவிட டெலிபோன் பூத்தைப் பார்த்ததுதான் அதிகம். மனைவி ரேவதிக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மெண்ட் க்ளப்ஹவுஸில் வளைகாப்பு. துணைக்கு என் மனைவி சரசு இருக்கிறாள். வியாழன் ப்ளைட் ஏறினால் வெள்ளி வீட்டில். இதில் என்ன கவலை? "குழந்தை பொறந்துட்டா சேஃப்வே கடையத் தாண்டி எங்கயும் போக முடியாதுடா, இப்பவே வா" என்று அவனைக் கிளப்பியதே நான்தான்.

தக்காளி நல்ல ருசி. உப்புப் போட்டு நான்கு தின்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்.

ஏர்போர்ட். செந்திலை ஏற்றவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் அவன் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். எச்-1 வேலை விசா ஸ்டாம்ப் மார்ச்சோடு முடிந்திருக்கிறது. கம்பெனி எக்ஸ்டென்ஷன் வாங்கிக் கொடுத்த பேப்பரைக் காட்டினான். அது அமெரிக்காவுக்குள்ளே இருப்பதற்கு, உள்ளே நுழைவதற்குப் புது ஸ்டாம்ப் வேண்டும் என்றாள். நான் முன்னால் போய்ச் சட்டம் முழுவதையும் எடுத்து விளக்கினேன். எங்கள் காம்ப்ளெக்ஸ் பையன்கள் எத்தனை பேர் இதே மாதிரி பழைய ஸ்டாம்போடு மெக்சிகோ போய் வந்திருக்கிறார்கள்! காலையில் போய் மத்தியானம் நடந்தே திரும்பியவன் இருக்கிறான். நயாகராவில் கனடாப் பக்கம் போய் போட்டோ எடுத்து வந்தவன் இருக்கிறான். சின்ன ட்ரிப்புக்கு ஸ்டாம்ப் வேண்டாம், இது ஊருக்கே தெரியும்.

"கனடா, மெக்சிகோ. அவ்வளவுதான்" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பாஸ்கருக்கு க்ரீன் கார்டு. நான் சிட்டிசன். பாஸ்கர் போய்விட்டான், வேலை. போகும்போது செந்திலை மட்டும் கட்டிக்கொண்டான். நான் டிக்கெட்டை மாற்றிக்கொண்டேன். நான் இல்லாமல் செந்தில் என்ன செய்வான்?

டாக்ஸியில் திரும்பும்போது அவன் கேட்டது: "அங்கிள், அந்த டாலஸ் நடராஜன் இதே மாதிரிதானுங்களே ரோம் போயிட்டு வந்தாருன்னீங்க? அவரு எந்தப் பேப்பரக் காமிச்சாருன்னு கேட்டுக்கலாங்க. நம்பர் இருக்குங்களா?"

புறப்படும் முன் நான் சொன்னதுதான். செந்தில் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பி ஸ்டாம்ப் வாங்கலாம் என்று பார்த்தான். வாரக்கணக்கில் ஆகும், ட்ரிப் போய்விடும். "டாலஸ் பக்கம் ரிச்சர்ட்ஸன்ல நம்ம நடராஜன் இருக்கார். ஸ்டாம்ப் முடிஞ்சே வருஷம் ஆச்சு. குடும்பத்தோட ரோம் போயிட்டு ஜாலியா வந்தார். ஒரு பய கேக்கலை" என்றேன். அதற்கப்புறம்தான் டிக்கெட் எடுத்தான்.

நம்பர் வீட்டில் இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி.

ஊரே மூடிக் கிடக்கிறது. மாதா பண்டிகையாம். அமெரிக்கன் கான்சலேட் லீவு. சரி, இந்தியன் எம்பஸிக்காவது போய் யோசனை கேட்போம் என்று நடந்தோம். அங்கே கொடி பறக்கிறது, கதவு பூட்டு. நம் சுதந்திர தினம். அதுவும் ஐம்பது வருஷம். எங்கிருந்தோ தேசிய கீதம் கேட்டது, செந்தில் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டான். நானும் நின்றேன். கால் சுட்டது.

ரேவதிக்கு போன் செய்தான். "ஒண்ணுமில்ல கண்ணு, சின்ன பேப்பர் பிரச்சனை. அங்கிளுக்குத் தெரிஞ்சவரு டாலஸ்ல இருக்காரு, அவருக்கு இதே மாதிரி ஆகி வந்துட்டாரு" என்கிறான். பிறகு என் பக்கம் திரும்பி, "சரசு ஆண்ட்டிய நம்பர் எடுக்கச் சொல்லலாங்களா?"

"அவளுக்கு எங்க இருக்குன்னு தெரியாதுப்பா. நடராஜனும் ஷிஃப்ட்ல இருப்பார், லேசுல கெடைக்கமாட்டார்."

ஒரு கடைகூட இல்லை. பிஸ்கட். வெந்நீர் மாதிரி கோக்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு.

வளைகாப்பு இவன் இல்லாமலே நடந்தது. கூப்பிட்டவர்களை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஃப்ரிமாண்டிலிருந்தெல்லாம் வந்திருக்கிறார்கள். சரசு நல்லபடி செய்தாள். ஐந்து வகைச் சாதம், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த பக்குவம்.

செந்தில் பேசி முடித்ததும் சரசு ரிசீவரை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். குரலைத் தாழ்த்தி: "மொகமெல்லாம் வீங்கியிருக்குங்க அவளுக்கு. பி.பி. ஏறிக் கெடக்கு. எழுந்து நடக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கொழந்தய முன்னாடியே எடுக்கவேண்டி வரலாமாம். அந்தப் பையனை எப்படியாச்சும் அனுப்பி வைங்க."

"நாளைக்கு முடிச்சிடறேன்" என்றேன்.

"அதென்ன, யாரோ நடராஜனாமே? எனக்குத் தெரியாம டாலஸ்ல யாருங்க?"

காசு தீர்ந்துவிட்டது என்று வைத்துவிட்டேன். தீரவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்.

கான்சலேட். வெளியே வெயிலில் க்யூ. செந்திலை மட்டும் உள்ளே விட்டார்கள். நான் போயிருந்தால் கதையே வேறு. எதிரே புளிய மரம் மாதிரி ஏதோ ஒரு மரம், அதன் அடியில் நின்றேன்.

வந்தான். சட்டைப் பையில் பாஸ்போர்ட்டைத் திணித்துக்கொண்டே வந்தான். இங்கே தரமாட்டார்களாம். சொந்த ஊருக்குப் போய் வாங்கு என்கிறார்கள். மெட்ராஸ்.

"யார் சொல்லி இப்படி வந்தேன்னு கேட்டாங்க."

"நீ என்னப்பா சொன்னே?"

"நானாத்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்னு சொல்லிட்டேங்க."

ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். பாதி வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 20, புதன்.

செந்தில் மெட்ராஸ் ப்ளைட் ஏறிவிட்டான். இரண்டு அரை டிராயர், நான்கு டி-ஷர்ட், கோயில் படம் போட்ட ஒரு தட்டு. இதை எடுத்துக்கொண்டு கான்சலேட் வாசலில் போய் நிற்கப்போகிறான். கம்பெனிப் பேப்பர் எல்லாம் சான் ஹோசே வீட்டு அலமாரியில். சரசு கூரியர் பண்ணவேண்டும். அப்புறம் இண்டர்வ்யூ தேதி. அது எப்போது வருமோ.

கேட் அருகே என் கையைப் பிடித்துக்கொண்டான். "வீட்டுக்குப் போன ஒடனே அவரு நம்பர ரேவதிகிட்டக் குடுத்துருங்க அங்கிள். மெட்ராஸ்ல அவங்க கேட்டா, இன்னாருக்கு வுட்டீங்களேன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமுங்க. அவ அதத்தான் நம்பிட்டிருக்கா."

சரிப்பா என்றேன். வேறு என்ன சொல்வது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக் கையைக் காதருகே வைத்து டெலிபோன் மாதிரி காட்டினான். தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 23, சனி. சான் ஹோசே.

இங்கே இதமான வெயில். யாருக்கும் வேர்க்கவில்லை.

மத்தியானம் ரேவதி வீட்டுக்குப் போனேன். ஹாலில் சோபாவில் இடது பக்கமாகப் படுத்திருக்கிறாள். கால் இரண்டும் வீங்கி உருண்டு கிடக்கின்றன. கையில் வளையல் இறுகிவிட்டது, சரசு சோப்புப் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமே குழந்தையை எடுத்துவிடலாம் என்கிறார்களாம். செந்திலுக்குக் கிடைத்திருக்கும் தேதி அதற்கும் அப்புறம்.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வாங்க அங்கிள்" என்று தலையைத் தூக்கினாள். சந்தோஷமாகத்தான் கூப்பிட்டாள்.

"உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு நானே தேடிப் பாத்தேனுங்க. ஆபரேட்டர்கிட்டக் கேட்டு டாலஸ் பக்கம் இருக்கற நடராஜனுங்களுக்கெல்லாம் போன் பண்ணிட்டேன். ஒருத்தரு ரொம்ப நல்லவருங்க. ரோம் பக்கமே போனதில்லம்மான்னாரு. டெலிவரிக்கு ஏதாச்சும் ஒதவி வேணும்னா தயங்காம கூப்புடுன்னாரு. ஆனா அவரு நம்மாள் இல்லீங்க."

"இல்லை, அவர் இல்லை" என்றேன்.

"நம்மாளுக்கு இனிஷியல் என்னங்க அங்கிள்?"

சரசு வளையலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கே" என்றேன்.

இதை அவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே ரேவதி ஆபரேட்டரிடம் இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், கே. நடராஜன், ரிச்சர்ட்ஸன், டெக்சஸ் என்று. நடராஜன் என்று எனக்கு யாரும் கிடையாது. ரோமிலிருந்து அப்படி எவனும் திரும்பி வரவில்லை. டாலஸுக்கு நான் போனதே இல்லை.