மூன்றாம் முறை கேட்டவர்

ஜூலை 1, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கடல் பக்கமிருந்து காற்றே இல்லை. துறைமுகம் போகிற டிரெய்லர் வரிசை கல்மண்டபம் வரை நிற்கிறது. மாடிக்குப் போய்ச் செடிகளைத் துடைத்தேன். துணி முழுக்கக் கரி. நேற்றுத் துடைத்த அதே இலைகள்.

செய்ய வேண்டியது: வேப்பம்புண்ணாக்கு. கேஸ் புக் பண்ண. ஃபேன் ரெகுலேட்டர் (மூன்று வாரமாக இந்தப் பட்டியலில்).

ஆபீஸில் போன் ஓயவில்லை. துறைமுகக் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸுக்கு வருகிற போன் எல்லாம் ஒன்றுதான். "மேடம், கன்டெய்னர் வெளிய வந்துடுச்சா?" பத்து பேருக்கும் ஒரே குரலில், ஒரே பதில். எரிச்சலே வரவில்லை. சம்பளம் வாங்குகிற வேலை.

சாயங்காலம் போனில் மாடித்தோட்டக் குழுவைத் திறந்தால் சுந்தரேசன் சார் நீளமாக எழுதியிருக்கிறார். கோயம்புத்தூர்க்காரர், ரிடையர்டு இன்ஜினியர், குழுவை ஆரம்பித்தவர். புதிதாக வருகிறவர்கள் கேட்ட கேள்வியையே கேட்கிறார்களாம். இனிமேல் விதி: முதல் முறை, ஏற்கெனவே பதில் இருக்கிற பதிவின் லிங்க். இரண்டாம் முறை, எச்சரிக்கை. மூன்றாம் முறை, ஆளைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவது.

குழுவைப் பார்த்துக்கொள்வது நாங்கள் மூன்று பேர். அவர், திருச்சி மாலதி டீச்சர், நான். டீச்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "பாவம் சார், சின்னப் பிள்ளைங்க மாதிரிதான். பத்து தடவை கேப்பாங்க." ஆக, என் ஓட்டுதான். ஞாயிறு வரை நேரம்.

சாருக்குத்தான் போடுவேன் என்று நினைக்கிறேன்.

ராத்திரிக்குத் தோசை, இரண்டு. மாவு புளித்துவிட்டது.

ஜூலை 2, புதன்

போன வாரம் கேட்ட அதே அம்மா, அதே கேள்வி. பெயர் கன்னியம்மா, திருவொற்றியூர். போனில் பேசினால் எழுத்தாகிறதே, அப்படிப் போடுகிறார் போல. புள்ளி, கமா எதுவும் கிடையாது.

"எங்கூட்டு கருவேப்பில ஓரமெல்லாம் கருகிகினே போவுது இன்னா பண்றது யாராச்சும் சொல்லுங்கோ"

கீழே ஒருவர்: "முதலில் தமிழில் எழுதுங்கள் அம்மா." அதற்குப் பதினாலு சிரிப்பு பொம்மை.

நான் எழுதியது: "மேலே பின் பண்ணியுள்ள பதிவைப் படிக்கவும். கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கவும்." அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள், எனக்கு அந்தப் பேச்சு தெரியாதா. வீட்டில் அப்பா கடைசி வரைக்கும் தூத்துக்குடிப் பேச்சு, தெருவில் இந்தப் பேச்சு, காலேஜில் மூன்றாவது ஒன்று.

அண்ணன் போன். "சாப்பிட்டியா?" "ஆச்சு." "கீழ குடோன் பூட்டினாங்களா?" "பூட்டினாங்க." "சரி, வச்சிரட்டா." அண்ணன் குடும்பம் அண்ணா நகர் போனதிலிருந்து கீழே குடோன், மேலே நான்.

ஜூலை 3, வியாழன்

தலைவலி. மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது.

அந்தப் பின் பண்ணிய பதிவு என்னுடையது. 'கறிவேப்பிலை: எல்லாக் கேள்விக்கும் பதில்'. நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு பொங்கல் லீவு முழுக்க உட்கார்ந்து எழுதினேன். பதினெட்டு குறிப்பு, படங்களோடு. மண், தொட்டி, மோர், எப்சம் உப்பு, எப்போது கிள்ளுவது. சார் அதைப் படித்துவிட்டு, "இனி யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை" என்று எழுதினார். அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

அவர் சொன்னபடியே ஆயிற்று. யாரும் எதுவும் கேட்பதில்லை, என்னிடம். அதற்கு முன்பெல்லாம் பெயர் சொல்லிக் கேட்பார்கள். "அமுதாக்கா, இதைப் பாருங்க." செடியில் ஆரம்பித்து மாமியாரில் முடியும். எனக்குச் சிரிப்பாக வரும். பதில் எழுதிக்கொண்டே சாப்பாடு ஆறிப்போகும். இப்போது யார் கேட்டாலும் யாராவது லிங்க் கொடுத்துவிடுகிறார்கள். சில நாள் நானே கொடுக்கிறேன்.

இதை எங்கும் சொல்ல முடியாது. கேள்வி வரவில்லையே என்று யாராவது குறைப்படுவார்களா?

கேஸ் புக் பண்ணியாச்சு.

ஜூலை 4, வெள்ளி

மூன்றாம் முறை.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன் அதிர்ந்தது. கன்னியம்மா. நீளமாக இருந்தது, படிக்கவில்லை. முதல் வரியில் கருவேப்பில என்று பார்த்தேன், போதும். அதற்குள் சார் தனியாக எழுதிவிட்டார்: "பார்த்தீர்களா? இதற்குத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை விதி வந்ததும் முதல் ஆள் இவர்தான். இப்போதைக்குக் கேள்வியை மட்டும் நீக்கிவிடுங்கள்."

நீக்கினேன். எலுமிச்சை சாதத்தில் கை, இன்னொரு கையால் ஒரு தட்டு. ஒரு நொடி வேலை.

சாயங்காலம் வரை ஏதோ ஒன்றைச் செய்துவிட்ட மாதிரியே இருந்தது. என்ன என்று யோசித்து, இதுதான் என்று தெரிந்ததும், இதற்கா என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 5, சனி

அரை நாள் ஆபீஸ். ஷேர் ஆட்டோ. பக்கத்தில் மீன்கார அம்மா ஒருவர், காலடியில் தெர்மாகோல் பெட்டி. மூடி சரியில்லை, ஒரு பக்கம் ஒழுகி என் செருப்பெல்லாம் தண்ணீர்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "யம்மா, வண்டிய கலீஜ் பண்ணிகினு கீறியே. பொட்டிய தூக்கி மடியில வெச்சுக்கோ."

"ஏன், உன் மடியில வெச்சுகினு ஓட்டேன். வெறும் கடல் தண்ணி, ஐசு. உன் வண்டி துருப்புடிக்கறதுக்கு இன்னா பாக்கி கீது அதுல?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சத்தமாக. அந்த அம்மா என் காலைப் பார்த்து, "கோச்சுக்காத கண்ணு" என்று முந்தானையாலேயே துடைத்துவிட்டார். யாரோ என் காலைத் தொட்டது எவ்வளவு நாளைக்கு அப்புறம்.

ஆபீஸ் போய் உட்கார்ந்து பார்த்தால் செருப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு. உப்பு.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதிவில் குறிப்பு ஏழு: 'மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினால் நன்றாகத் தழைக்கும்.' நான் எழுதியது. எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீரில் மீன் கழுவுவோம், அதைச் செடிக்கு ஊற்றுவோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று எழுதிவிட்டேன். மீன் விற்கிற வீட்டில் எதில் கழுவுவார்கள்? கன்னியம்மாவின் திருவொற்றியூரும் கடலோரம்தானே.

நீக்கிய கேள்விகள் ஒரு பெட்டியில் கிடக்கும், நாங்கள் மூன்று பேர் மட்டும் பார்க்கலாம். போய் எடுத்தேன். முழுதாகப் படித்தேன். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"பதிவு பதிவுன்றீங்களே அத்த என் மருமவள வுட்டு படிக்க சொல்லி கேட்டுட்டேன் அதுல சொன்னத தான் செஞ்சிகினு கீறேன் தடைக் காலத்துல சும்மா குந்திகினு கீறமேன்னு வாங்கி வெச்சேன் அப்போ நல்லா தான் துளுத்துச்சு தடை முடிஞ்சி யாவாரத்துக்கு போவ சொல்லோ தான் கருக ஆரம்பிச்சுது இன்னா தப்பு பண்றேன்னு தெரியல கோச்சுக்காம சொல்லுங்கோ"

எல்லாம் இதிலேயே இருக்கிறது. மீன்பிடித் தடை இருந்த வரை வீட்டில் மீன் இல்லை, பெட்டித் தண்ணீர் இல்லை, செடி நன்றாக இருந்தது. படகு போக ஆரம்பித்தது, பெட்டித் தண்ணீர் வந்தது, கருகிற்று. கோயம்புத்தூரில் இருப்பவருக்கு இது புரியாமல் போகலாம். நான் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறேன்.

தனிச் செய்தி அனுப்பினேன். 'அக்கா, செடிக்கு என்ன தண்ணி ஊத்தறீங்க?' அவ்வளவுதான் கேட்டேன். மூன்று வரி லிங்க்கை விடச் சின்னது.

நாலு மணிக்குக் குரல் செய்தி வந்தது. பின்னால் குழந்தை அழுகிறது, யாரோ பாத்திரம் தேய்க்கிறார்கள்.

"நீ தானம்மா எழுதி வெச்ச, மீன் கழுவுன தண்ணின்னு? அத்த தான் ஊத்தறேன். யாவாரம் முடிச்சி வர்ற சொல்லோ பொட்டில கீற தண்ணிய வீணாக்காம எட்தாந்து ஊத்தறேன். தெனம் ஒரு வாளி."

கடல் தண்ணீரில் அலசின மீன், அந்தத் தண்ணீர்தான் பெட்டியில் சேர்கிறது, அதில் உப்பு, அதுதான் வேரைக் கருக்குகிறது என்று நானும் பேசியே அனுப்பினேன். தப்பு என்னுடையது, என் பதிவில் அதை எழுதியிருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

பிறகு:

"ஐயே. நானே ஊத்தி நானே சாவடிச்சிகினு இருந்தேனா." மூச்சு. "எங்கூட்ல எல்லாம் வாங்கினது புள்ளைங்களுக்கு, அவருக்கு, பேரனுக்கு. எனக்குன்னு வாங்கினது இந்த ஒரு செடி தான் கண்ணு. இந்த ஒரு கேள்விய மொத தபாவே கேட்டிருக்கக் கூடாதா நீ?"

அதட்டவில்லை. சும்மாதான் கேட்டார்.

பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னேன். தொட்டி மண்ணை மாற்றணும். நல்ல தண்ணி விட்டு வேரை அலசணும். கருகின கிளையை வெட்டணும். துளிர் வரும்வரை உரம், மோர் எதுவும் வேண்டாம்.

"குடிக்கிற தண்ணியவா செடிக்கு ஊத்தச் சொல்ற? கொடத்த தூக்கிகினு மல்லுக்கட்டி புடிக்கறோம் அத்த."

அலச மட்டும்தான், அப்புறம் அரிசி கழுவின தண்ணி போதும் என்றேன்.

"அது வூட்ல கீது" என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச் மணி. தெருக்கோடிக் கோழிக்கடையில் கூட்டம். மழை இல்லை.

ஓட்டு: வேண்டாம்.

சாருக்குக் காரணத்தையும் எழுதினேன், ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு. அவர் போனே பண்ணிவிட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை குரல் கேட்கிறேன். நான் நினைத்ததை விடக் கிழடு.

"ஒருத்தங்களுக்காக விதியை மாத்த முடியுமாம்மா?"

"ஒருத்தங்க இல்லைங்க சார். மத்தவங்களை நாம கேக்கவே இல்லை. யார் வீட்ல என்ன தண்ணின்னு நமக்குத் தெரியாது."

"நான் ஆறு வருஷமா எழுதறேன். ஒரே பதில். இப்பெல்லாம் கருவேப்பிலைன்னு பார்த்தாலே எனக்குச் சாம்பார் கூட வேண்டாம்னு இருக்குதுங்க."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மனுஷன் நிஜமாகவே களைத்துப்போயிருக்கிறார். நான் அதையும் யோசிக்கவில்லை இத்தனை நாள்.

"சரி, அப்படின்னா புதுசா வர்றவங்க பகுதியை நீங்களே பார்த்துக்கோங்க. எல்லாக் கேள்விக்கும். லிங்க் கிடையாது. முடியுமா?"

தண்டனை மாதிரிதான் கொடுத்தார். முடியும் என்றேன்.

பதிவில் குறிப்பு ஏழைத் திருத்தினேன். பிறகு மேலே பின் பண்ணியிருந்ததையே எடுத்துவிட்டேன், பதிவு உள்ளே இருக்கட்டும். அதன் இடத்தில், வந்தவர்களிடம் முதலில் நாம் கேட்பதற்கு: எந்த ஊர். என்ன தண்ணீர். வெயில் எந்தப் பக்கம். எப்போதிலிருந்து இப்படி. இதற்குப் பதில் வந்த பிறகு என்ன சொல்வதென்று பார்க்கலாம். 'தமிழில் எழுதுங்கள்' என்றவருக்கும் ஒரு வரி: 'அவர் எழுதியது தமிழ்தான்.' நாலு நாள் தாமதம். போட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

ரெகுலேட்டர் மாற்ற ஆள் வந்தார், ஆள் மட்டும். ரெகுலேட்டர் கொண்டு வரவில்லை.

புதியவர்கள் பகுதியில் ஒன்பது கேள்வி, ஐந்து கறிவேப்பிலை. ஒவ்வொருவரையும் கேட்டேன். ஒருவர் வாட்டர் பியூரிஃபையரில் வெளியே தள்ளுகிற தண்ணீரை ஊற்றுகிறார். அதுவும் உப்புதான். என் பதினெட்டு குறிப்பில் அதுவும் இல்லை.

கன்னியம்மாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

நல்ல மழை, அரை மணி. மாடியில் இலையெல்லாம் தானாகக் கழுவிக்கொண்டது.

ஒன்றும் இல்லை.

பதில் கிடைத்தால் போய்விடுவார்கள். எப்போதும் அப்படித்தான். பிழைத்ததா, செத்ததா என்று திரும்பி வந்து சொன்னவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்கள் மேல் தப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் குணமானவர்கள் டாக்டரைப் பார்க்கவா போகிறார்கள். ஆனால் நான் டாக்டர் இல்லை. நான் சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்து விளக்கைப் போடுகிறவள்.

நாமே 'செடி எப்படி அக்கா' என்று கேட்கலாம். எழுதினேன். அழித்தேன். அவசரப்படுத்துகிற மாதிரி இருக்கும். செத்திருந்தால்?

இரண்டாம் தடவையும் எழுதி அழித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். துணி துவைத்தேன். அண்ணன் போன், சாப்பிட்டியா, ஆச்சு.

பதினோரு மணிக்குக் கன்னியம்மா. ஒரு படம், ஒரு குரல்.

படத்தில் புதுத் தொட்டி, பெயிண்ட் டப்பாவை வெட்டியது. மண் மாற்றியிருக்கிறது. கருகின கிளை எல்லாம் ஒட்ட வெட்டி, ஒரு சாண் குச்சி மட்டும் நிற்கிறது. துளிர் எதுவும் இல்லை. பக்கத்தில் சொம்பு நிறைய அரிசி கழுவின தண்ணீர். நான் சொன்னது ஒன்று விடாமல் செய்தாயிற்று.

குரலில்: "கண்ணு, நான் தான். நீ சொன்னியே, இன்னா ஊத்தணும், இன்னா ஊத்தக் கூடாதுன்னு. மறந்தே போச்சு. வேலையா கீறியா? இல்லாங்காட்டி இன்னொரு தபா மொதல்லேந்து சொல்லு."

துவைத்த துணியை அப்படியே வாளியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"வேலை ஒண்ணும் இல்லைக்கா" என்று ஆரம்பித்தேன்.