வெள்ளையாகக் காயும் துணி

மார்ச் 3

எங்கள் சிமெண்ட் ஆலையின் இரண்டாம் சூளை இன்றும் எரியவில்லை. அக்டோபரிலிருந்து இப்படித்தான். சியோலில் யாரும் வீடு கட்டுவதில்லை. எங்கள் தன்யாங்கில் சிமெண்ட் சுட வேண்டியதும் இல்லை.

மாடியில் துணி வெள்ளையாகக் காய்கிறது. “இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததுலேருந்து இப்பத்தான் பாக்கறேன், தூசியே இல்ல” என்றார் அம்மா. உள்ளே அண்ணன் தோக்யு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பதினோரு வருடச் சூளைக்காரன். இப்போது கட்டாய விடுப்பு.

மார்ச் 9

ஆலை எவ்வளவு கரியமில வாயுவை வானத்துக்கு அனுப்பியது என்று எழுதுவது என் வேலை. போன வருடம் பன்னிரண்டு சதவீதம் குறைவு. மூன்று முறை சரிபார்த்தேன்.

குறைத்தது யார்? ஒருவரும் இல்லை.

மார்ச் 11

வாயிலில் பதாகை கட்டிவிட்டார்கள்: ‘கரிக் குறைப்பு இலக்கை எட்டினோம்!’

பூட்ஸை எடுத்துவரப் போன அண்ணன் அதன் கீழே நின்று படித்திருக்கிறான். சாப்பிடும்போது சொன்னான்: “என் பேரையும் போட்டிருக்கலாமேடி. நான் படுத்துத் தூங்கினதுதானே உங்க சாதனை?”

அம்மா சிரித்தார். நான் தட்டைக் கழுவப் போனேன்.

மார்ச் 16

இருபத்தேழாம் தேதி கரி வெளியேற்றத்துக்கு வரம்பு கட்டும் அரசின் புதிய விதி வருமாம். மூன்றாவது முறையாகச் சொல்கிறார்கள். வந்துவிட்டால் நிலக்கரி பாதியே தின்னும் புதுச் சூளைக்கு நிர்வாகம் கையெழுத்துப் போடும். அதற்காக அண்ணன் எட்டு மாதம் பயிற்சி எடுத்தான். அதற்குத் தோண்டிய அஸ்திவாரக் குழியில் இரண்டு வருட மழைநீர்.

விதி வந்த மறுநாளே புதுச் சூளைக்குப் பூஜை என்று பிரிவுத் தலைவர் கு முடிவு செய்துவிட்டார். படையலில் வைக்கும் பன்றித் தலையை வாங்கும் பொறுப்பு என்னுடையது.

“சிரிக்கிற தலையா பாத்துச் சொல்லு. மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா சூளை பத்திக்காது” என்றார்.

சந்தையில் சொல்லிவிட்டேன். விதி வரும் என்று நம்பினேனா? கொஞ்சம்.

மார்ச் 27

விதி தள்ளிவைப்பு. ‘அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும்.’

மாலைக் கூட்டத்தில் கு: “எப்ப வரும், எவ்வளவு இறுக்கும்னு தெரியாம புதுச் சூளைக்கு எவன் பணம் போடுவான்? விதி வர்றதுக்குள்ள, கேக்க ஆள் இல்லாதப்பவே பழசுல சுட்டு அடுக்கிடணும், வீடு கட்ட ஆரம்பிச்சா வித்துக்கலாம். பகல் ராத்திரி பாக்காம.”

“அப்ப கரி வெளியேற்றம், தலைவரே—”

“அத எழுதத்தானேம்மா நீ இருக்கே?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஏன் சிரித்தேன்?

மார்ச் 28

தலை வேண்டாம் என்று சந்தைக்குச் சொல்ல மறந்துபோனேன். காலை எட்டு மணிக்குத் தலை வந்து இறங்கியது. நன்றாகவே சிரித்துக்கொண்டிருந்தது.

“வந்த தலையத் திருப்பி அனுப்பினா ஆலைக்கு ஆகாது” என்றார் கு. மேசையை இரண்டாம் சூளையின் முன்னால் போடச் சொன்னார். வீட்டிலிருந்த சூளைக்காரர்களுக்கெல்லாம் அழைப்பு போனது. புதுச் சூளைக்கு வாங்கிய தலைக்கு முன், பழைய சூளைக்காக, வரிசையாக விழுந்து வணங்கினோம். அண்ணன் எழுந்திருக்க நேரமானது. அரிசிக் கள்ளைச் சூளையின் காலடியில் ஊற்றினான்.

“பழசா இருந்தா என்ன? நெருப்பு நெருப்புதான்.”

நானும் விழுந்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன்.

ஏப்ரல் 2

கு சொன்னபடி பகல் ராத்திரி சுட்டால் பதாகையில் எழுதியது ஆகஸ்டுக்குள் பொய். இதைச் சொல்ல கு-வின் அறை வரை போனேன். திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 6

விழித்ததும் ஜன்னலைப் பார்த்தேன். இரண்டாம் சூளையில் புகை. சந்தோஷமாக இருந்தது. பின்னால் நானே அதை மறுக்காமல் இருக்க எழுதிவைக்கிறேன்.

அண்ணன் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான். அம்மா மாடியிலிருந்த ஈரத்துணிகளை அள்ளி உள்ளே கொண்டுவந்தார்.

“ஜன்னலைச் சாத்து, யுன்சோல். தூசி வருது.”

அக்டோபருக்குப் பிறகு அம்மாவின் அந்த அதட்டல் குரலை இன்றுதான் கேட்கிறேன்.