குறடு எதுவென்று கேளாத அதிகாரிக்கு

மழை பிழையாது பெய்க. உழுபவர் கை ஓயாதிருக்க. செம்மணலாறு முதல் கருங்கோடு வரை ஒரு குடைக்கீழ் ஆளும் அரசி மானவல்லியாரின் திருவாய்மொழியை ஓலைநாயகம் தாழைக்கிழான் எழுதியது. கருங்கோட்டுக் கூற்றத்து அதிகாரி கோவலரையர் இதை நின்றபடியே படித்துக்கொள்க. உட்கார இன்னும் உத்தரவில்லை.

உம் ஊர்க் கொல்லன் ஆழியான் உலைக்களத்தருகே கிணறு தோண்டியபோது, குறடு ஒன்றும் சம்மட்டியும் துருத்தி மூக்கும் மண்ணுக்குள் அகப்பட்டன என்று முறைப்படி உமக்குச் சொல்லியனுப்பினான். எள் என்பதற்குள் எண்ணெயாய் நிற்கும் நீரோ, குறடு என்ற சொல் காதில் விழுந்ததுமே, நம் முதலரசர் அணிந்து தொலைந்துபோன பாதக்குறடு கிடைத்ததென்று அரண்மனைக்கு ஓலை விடுத்தீர். பாதம் இரண்டாயிற்றே, குறடு ஒன்றுதானா என்றுகூட உமக்குத் தோன்றவில்லை. அது நெருப்பில் இரும்பு பிடிக்கும் குறடு என்று ஆழியான் சொல்ல வந்தபோது, திருவடிப் பொருளைப் பற்றி நீ வாய் திறக்கலாகாதென்று அதட்டி, கண்ணெடுத்தும் பாராமல் அவன் கையாலேயே பட்டில் பொதியச் செய்தீர்.

அதை நம்பி அரசியார் மூன்று நாள் நோன்பிருந்து, கருங்கோடு வரை வெறுங்காலோடு நடந்து வந்தார். எட்டு நாட்டுத் தலைவர் கைகூப்பி நிற்கப் பட்டை அவிழ்த்தார். உள்ளே துருவேறிய கொல்லன் குறடு. ஒரு தலைவர் இருமி மறைத்த சிரிப்பு இன்னும் அரசியார் காதைவிட்டுப் போகவில்லை.

அதையும் பொறுத்திருப்பார். ஆழியான் புனிதப் பொருளைத் திருடி இதை மாற்றி வைத்தான் என்று, வரும் வெள்ளியன்று அவன் தலையை வாங்கத் தீர்ப்பெழுதினீரே, அதைத்தான் பொறுக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடமா என்று வெகுண்டு கேட்கிறார். ஆழியான் மனைவி வெண்ணி, சம்மட்டியையும் துருத்தி மூக்கையும் தலையில் சுமந்து வந்து அரண்மனை வாயிலில் இறக்கி, என் புருஷன் தலைக்கு இவைதான் சாட்சி என்றாள். குறட்டோடு சேர்த்து மூன்றிலும் ஒட்டியிருந்தது ஒரே மஞ்சள் மண். குறட்டின் வாய் ஏர்க்கொழுவைக் கவ்வ வளைந்திருப்பதையும் அவளே காட்டினாள். அரசியாருக்கு விளங்க அரைநாழிகை போதுமாயிருந்தது.

ஆகவே, இவ்வோலை கண்ட கணமே ஆழியானின் விலங்கை அவிழ்க்க. அந்த விலங்கை அவன் உலையிலேயே காய்ச்சிக் கொழுவாக அடிக்க; அடித்து முடியுமட்டும் துருத்தி ஊத வேண்டியவர் நீர். உலைக்களத்துச் சாமான் ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டறிந்த பிறகே உம் இருக்கையில் அமரலாம்.

இது அரசியார் ஆணை. முத்திரையை நன்றாகப் பாரும். அதன் பக்கத்தில் அரக்கைக் கவ்விய இரண்டு தடங்கள் பதிந்திருக்கும். அவை என்னவென்று தெரியாவிட்டால், இம்முறையேனும் ஆழியானைக் கேளும்.