உன் ஐயாவின் இலையில் சுருட்டு இல்லை

ரெங்கம், ஜொகூர்
பவ வருஷம், புரட்டாசி மாதம்

அன்புள்ள மகன் கதிரேசுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அக்கா செல்வராணியும் அத்தானும் முருகன் புண்ணியத்தில் எழும்பி நடமாடுகிறோம், அங்கே யாழ்ப்பாணத்தில் நீயும் மருமகள் அன்னலட்சுமியும் அவள் வயிற்றில் இருக்கிற குஞ்சும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். சுகம் விசாரித்தாயிற்று, இனி ஏச்சு. உன் கடிதமும், லீவு முடிந்து கப்பலில் வந்த நம் ஊர் ஐயாத்துரை கையில் நீ கொடுத்துவிட்ட சுருட்டுக் கட்டும் போன கிழமை வந்து சேர்ந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்க வாசிக்க எனக்குக் காது சுட்டது. உன் ஐயாவின் வருஷம் திரும்பிய ஆட்டத் திவசத்தில் நான் படையலைக் குறைத்து அவருடைய ஆத்துமாவை ஏங்க விட்டேனாம், உன் சின்னையா சபாபதியைச் சாப்பிடாமல் எழும்பிப் போகப் பண்ணினேனாம், வருகிற மாளய அமாவாசைப் படையலில் நீ அனுப்பிய சுருட்டை மூட்டி வைத்துச் சின்னையாவிடம் மன்னிப்பும் கேட்க வேண்டுமாம். அட மகராசா! பொந்தியானில் இருந்து அந்த மனுசன் எழுதிய கடிதத்தை நம்பினாய், பெற்றவளிடம் என்ன நடந்தது அம்மா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சண்டை போட்டால்கூட இரண்டு பக்கமும் விசாரிக்கிற வாத்தியார் அல்லவா நீ?

நடந்ததை நான் சொல்கிறேன், ஆறுதலாக இருந்து வாசி. உன் ஐயாவுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு சுருட்டு மூட்டிக் கொடுக்கப் போய்த்தான் எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டியது, அது உனக்குத் தெரியும், நம் ஊரில் வயது போன பெண்கள் சுருட்டுப் பத்துவது ஒன்றும் புதுமையில்லை. ஆனால் அவர் எப்படிப் போனார் என்பது உனக்குத் தெரியாது. நேரத்துக்குக் கப்பல் கிடைக்காமல் நீ வரமுடியாமல் போயிற்று, அதைக் குறையாகச் சொல்லவில்லை, பார்த்தவள் நான் என்றுதான் சொல்கிறேன். இருமி இருமி முதுகு வில்லாய் வளைந்து போயிற்று. தடவித் தடவி என் கை மரத்தது. சித்திரை பிறந்ததும் எனக்கும் அதே இருமல் பிடித்தது. ஆனியில் குஞ்சின் செய்தி வந்த கையோடு அக்கா பயந்து தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த டாக்டர் பிள்ளை நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இந்த நெஞ்சோடு கப்பல் ஏற விடமாட்டேன் அம்மா, சுருட்டை அடியோடு விட்டு நெஞ்சு தெளிந்தால் தைப்பொங்கல் கழித்துப் போகலாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்னலட்சுமிக்கு மாசியில் பேறுகாலம். தாயில்லாத பெண். நான் வராவிட்டால் அவளுக்குப் பத்தியக் கறி வைக்கவும் காய மருந்து இடித்துக் கொடுக்கவும் யார் இருக்கிறார்கள், நீயா? அதற்காகத்தான் விட்டேன். சாகும்வரை உன் ஐயா பிடித்திருந்த கையில் ஒட்டிய பழக்கம் அது, அதை விடுவது விளையாட்டு என்று நினைக்காதே.

விட்ட புதிதில் நான் பட்ட பாடு அந்த முருகனுக்குத்தான் தெரியும். சாப்பிட்டு முடிந்தால் கைக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. தலையிடி, நித்திரை இல்லை, காரணமில்லாமல் எரிந்து விழுவேன், ஒரு நாள் அகப்பையை அத்தான் பக்கமாக எறிந்துவிட்டேன், பாவம் அந்த மனுசன் குனிந்துகொண்டார். அக்காவோ நாளுக்கு ஒன்றோடு நிற்பாட்டலாம்தானே அம்மா, ஏன் இந்தப் பாடு என்கிறாள், பரிதாபப்படுகிறாளாம். அப்போது எனக்குக் கை கொடுத்தது யார் தெரியுமா? எங்கள் தோட்டத்து லைன் வீடுகளுக்குப் பின்னால் மாடு வைத்துப் பால் ஊற்றுகிற ராஜம்மா. இந்தியாக்காரி, வாய் நிறையப் புகையிலை போடுகிறவள். ஒரு நாள் நான் வாசற்படியில் இருந்து அழுவதைப் பார்த்துவிட்டு, நீங்க சுருட்டை விடுங்கம்மா, நானும் பொகையிலைய விட்டுர்றேன், ஆசை வந்தா ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கலாம் என்றாள். சொன்னபடியே செய்தாள். பின்னேரம் பால் கொடுத்துவிட்டுப் பின்கதவில் உட்காருவாள், வறுத்த சோம்பும் கற்கண்டும் வைத்துக்கொண்டு மென்றபடியே அவள் தன் மாமியாரைத் திட்டுவாள், நான் உன் சின்னையாவைத் திட்டுவேன். ஒருத்தி சோர்ந்தால் மற்றவள் விடமாட்டாள். அப்படித்தான் இரண்டு பேரும் ஆடி வரைக்கும் வந்து சேர்ந்தோம்.

ஆடியில் திவசம் வந்தது. உன் சின்னையா பொந்தியானில் இருந்து வெள்ளை வேட்டியோடு வந்து இறங்கினார். செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் இலையில் வைக்கிற வழக்கம் எனக்குத் தெரியாதா? கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை, பருத்தித்துறை வடை, பால்கட்டிப் பலகாரம் எல்லாம் என் கையாலேயே செய்து வைத்தேன். சின்னையா மடியில் இருந்து ஒரு சுருட்டை எடுத்தார். இதைச் சும்மா வைக்கக்கூடாதாம், மூட்டிப் புகையோடு வைத்தால்தான் அண்ணை ஏற்றுக்கொள்வாராம். சரி, நீங்களே மூட்டி வையுங்கோ என்றேன். ஐயோ, அவர் சுருட்டை வாயில் வைக்கமாட்டாராம், விரதக்காரராம்! அத்தானுக்குப் பழக்கமே இல்லை. அதனால் என்னைப் பார்த்து, மச்சாள், அண்ணைக்கு நீங்கள்தானே மூட்டிக் குடுக்கிறனீங்கள், ஒரே ஒரு இழுவை இழுத்து வையுங்கோ என்று நீட்டுகிறார். நான் விட்டுவிட்டேன், டாக்டர் சொல்லியிருக்கிறார், தையில் ஊருக்குப் போகவேண்டும் என்று கும்பிட்டுச் சொன்னேன். ஒரு இழுவையிலே என்ன வரப்போகுது, அண்ணை ஏங்கிக்கொண்டு நிற்கிறார் என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு என் மூக்குக்கு நேரே பிடித்தபடி நிற்கிறார். என் வாய் ஊறியது மோனே. உண்மையாகச் சொல்கிறேன், கை அரைவாசி தூரம் போய்விட்டது. பின்கதவில் பால் செம்போடு நின்ற ராஜம்மாதான், விட்டத ஏன்யா திரும்பப் பிடிக்கச் சொல்றீங்க, அவ்வளவு அக்கறைன்னா நீங்களே இழுங்களேன் என்று சத்தம் போட்டாள். பால்காரி திவச வீட்டில் வாய் திறப்பதா என்று சின்னையா துள்ளினார். எனக்கு வந்ததே கோபம்! உங்கள் அண்ணை கடைசி மூச்சில் கேட்டது சுருட்டா, யன்னலைத் திற, காற்று வரட்டும் என்றல்லவா கேட்டார், அதைக் கேட்டவள் நான், அவரைக் கொண்டுபோனதை அவர் இலையிலேயே வைக்க மாட்டேன், போங்கள் என்றேன். போய்விட்டார். இதுதான் நான் செய்த பெரிய குற்றம்.

இதற்கு மேலே நீ ஒரு கட்டு அனுப்புகிறாய்! வீட்டில் ஒருவரும் இல்லாத மத்தியானம் பார்த்து ஐயாத்துரை கொண்டுவந்து தந்தார். சும்மா பார்ப்போமே என்று கட்டை அவிழ்த்தேன். கோடாப் பாணி போட்ட புகையிலையின் அந்த வாசம், நம் ஊர் வாசம், உன் ஐயாவின் சால்வை வாசம், எல்லாம் சேர்ந்து குப்பென்று அடித்தது. ஒன்றை எடுத்து நுனியைக் கடித்தும் விட்டேன். நெருப்புப் பெட்டியைத் தேடி அடுப்படிக்குப் போன இடத்தில் யன்னலால் ராஜம்மா மாடு குளிப்பாட்டுவது தெரிந்தது. அடியே ராஜம்மா, ஓடி வாடி என்று கத்தினேன், லைனில் இருந்த எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். ஈரக் கையோடு ஓடிவந்து ஒன்றும் கேட்காமல் கட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சாணிக் குழியில் போட்டு மண்வெட்டியால் மூடிவிட்டாள். திரும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தபடி இருந்தாள், இரண்டு பேரும் அழுதோம். ஆக உன் படையல் சாணிக் குழியில் கிடக்கிறது. கோபம் வந்தால் என்மேல் கோபப்படு, அவள் மேலே ஒரு சொல் சொல்லாதே. பெற்ற பிள்ளை கப்பலில் அனுப்பிய கண்ணியில் இருந்து என்னை இழுத்தெடுத்தவள் அவள்.

மாளய அமாவாசைக்கு இலை போடுவேன், ஐயா விரும்பிய கறி எல்லாம் வைப்பேன், சுருட்டு வைக்க மாட்டேன். சின்னையாவிடம் மன்னிப்பும் கேட்க மாட்டேன், அவர் வந்தால் சோறு போடுவேன், அவ்வளவுதான். போன தரம் டாக்டர் குழாயை வைத்துப் பார்த்து இரைச்சல் குறைந்திருக்கிறது என்றார், அதை உன் அக்காவிடம் மூன்று தரம் சொல்லிவிட்டேன். அன்னலட்சுமியைப் பாரமான குடம் தூக்க விடாதே. பனிக்காலத்தில் தலை முழுகினால் ஈரத்தோடு இருக்க வேண்டாமென்று சொல். பேறுகாலத்துக்கு வேண்டிய பழந்துணிகளை நான் இங்கேயே தோய்த்து மடித்து வைக்கிறேன். உங்கள் இருவருக்கும் முருகன் நீண்ட ஆயுளும் நல்ல பிள்ளையும் தருவான்.

ஒன்றை மட்டும் மறவாதே. நீயும் இப்போது பத்தத் தொடங்கிவிட்டாய் என்று மருமகள் எழுதினாள். அது உன் சங்கதி, ஏசி ஏசி எனக்கும் அலுத்துவிட்டது. ஆனால் தையில் என்னை ஏற்றிக்கொண்டு போகக் கொழும்புத் துறைமுகத்துக்கு வரும்போது குளித்துத் தோய்த்த வேட்டி கட்டி, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வா. இத்தனை பேரோடு சண்டை பிடித்த எனக்கு உன்னோடு மட்டும் பலமில்லை. உன்மேல் அந்த வாசம் அடித்தால், தா மோனே ஒன்று என்று நானே கேட்டுவிடுவேன். அப்போது பக்கத்தில் ராஜம்மா இருக்க மாட்டாள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
செல்லப்பாக்கியம்