ராஜாவுக்குக் கிரீடம் கட்டுகிறவன்

தெப்ராவ் தோட்டம், ஜொகூர்
1937, மாசி

சிரஞ்சீவி செல்லப்பனுக்கு அப்பா எழுதுவது. தண்டாயுதபாணி கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை சத்தியபாமாவும் சுகம், மதராசில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். படம் பிடிக்கிற இடத்தில் விளக்கு சுட்டுக் கை வெந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், தேங்காயெண்ணெய் தடவு, இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவது ஆண்பிள்ளைக்கு அழகில்லை.

வைகாசியில் தங்கை கல்யாணத்துக்குக் கப்பல் ஏறுவதாகச் சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ வேலை செய்த படம் தைப்பூசத்தை ஒட்டி ஜொகூர் பாரு கொட்டகைக்கு வந்தது. நான் இல்லாவிட்டால் அங்கே ராஜாவே இல்லை என்று முன்பு எழுதியிருந்தாய் அல்லவா, அதை நம்பி, ஆட்களை வேலை வாங்குகிற தண்டல் என்ற உரிமையில் தோட்டத்து ஜனங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். சத்தியபாமாவைத் தன் மகனுக்குக் கேட்டிருந்த பெக்கான் நானாஸ் அன்னாசி ஆலையில் கணக்கெழுதுகிற கிராணியும் குடும்பத்தோடு வந்திருந்தார். திரையில் ராஜா வந்ததும் இவன்தான் என் மகன் என்றேன், சத்தியமாக நம்பித்தான் சொன்னேன், அத்தனை பூச்சுக்கும் மீசைக்கும் அடியில் முகம் எங்கே தெரிகிறது. பக்கத்து லயத்து வீட்டுக் காளியம்மா கொட்டகைக்குள்ளேயே சூடம் ஏற்றிவிட்டாள். கிராணி என் கையைப் பிடித்துக்கொண்டார். உன் அம்மா மட்டும், "நம்ம புள்ள இல்லீங்க இது" என்றாள், தொடையில் கிள்ளி அடக்கினேன். நடிகன் பேர் ராஜசேகரன் என்கிறார்களே என்று கிராணி கேட்டதற்கு, சினிமாவுக்காகப் பேரை மாற்றிக்கொண்டான் என்றேன். அன்றே நிச்சயம் செய்தார்.

அதற்குப் பிறகு வருகிறது உன் கடிதம், ராஜாவுக்குக் கிரீடம் கட்டி, செருப்பு மாட்டி, வியர்வை துடைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொள்வதுதான் உன் வேலை என்று. படித்தபோது உடம்பெல்லாம் கூசியது. நீ இப்போது வந்து பந்தலில் நின்றால் உள்ளதும் போச்சு நொள்ளைக்கண்ணா என்று ஆகிவிடும், உன் தங்கை இங்கேயே ரப்பர் பால்மரம் வெட்டிக் கிழவியாவாள். ஆகையால் வராதே. ஓமத்தில் பொரியிட அண்ணன் கை வேண்டுமே என்று அம்மா அழுகிறாள், காளியம்மாவின் மகன் சின்னத்தம்பி இடுவான், நெருப்புக்கு யார் கை என்றா தெரியப்போகிறது. நீதான் வர மாட்டேன் என்று எழுதிவிட்டதாகச் சத்தியபாமாவிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே எழுது. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள், இப்போது உன் பேரை எடுப்பதில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் இந்தப் பக்கம் வர வேண்டாம், சம்பந்தி வீட்டுக்குச் சேதி ஒரே நாளில் போய்விடும். அம்மாவுக்கு உன்னைப் பார்க்கத் தோன்றினால் படம் மறுபடி வரும்போது கூட்டிப்போகிறேன்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. கண்ட இடத்தில் சாப்பிடாதே. எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ என் ஆசீர்வாதம். தங்கைக்கு ஒரு காஞ்சிபுரம் சேலை அனுப்பு, மறவாதே. பொட்டலத்தின் மேல் செல்லப்பன் என்று எழுதித் தொலைத்துவிடாதே, கிராணி முன்னால்தான் பிரிக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
ராஜசேகரனின் தகப்பன்
சபாபதி தண்டல்