வெளியே நிற்கவைத்த பிள்ளை

இன்று காலை குழந்தைகள் நலக் குழுவின் விசாரணை அறைக்குப் போகும் வராந்தாவிலேயே சொல்யூஷன் வாடை அடித்தது. ஷூ ஒட்டுகிற அந்தப் பசை விரலில் ஏறிவிட்டால் சோப்புக்கும் போகாது என்பது ஆம்பூரில் எல்லோருக்கும் தெரியும். பதின்மூன்று வயதிருக்கும், ஒரு பெண் துப்பட்டாவுக்குள் கைகளை மறைத்துக்கொண்டு நின்றாள். யாரோ பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்து வெளியே நிற்கவைத்திருந்தார்கள். உன் ஞாபகம் வந்தது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. குழந்தைகள் உதவி மையத்தின் ஸ்கூட்டரை இப்போது நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன். பின்னால் உட்கார்ந்து வழி நெடுக வம்பளக்க ஆளில்லை.

சென்னையில் நம் இருவருக்கும் நடந்த பயிற்சி நினைவிருக்கிறதா? ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையை ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். இந்தியா அதை ஏற்றுக்கொண்டது, ஆனால் குழந்தைகளை வேலையிலிருந்து மீட்பதைப் படிப்படியாகத்தான் செய்ய முடியும் என்றும் சொல்லிவைத்தது என்றார். நம் ஊர் ஷூவை வாங்குகிற அமெரிக்கா வெறும் கையெழுத்தோடு நிறுத்திக்கொண்டது, இன்னும் ஏற்கவில்லை என்றார். நீ எழுந்தாய். "ஷூ வாங்கறவன் இன்னும் ஒத்துக்கல. தைக்கறவன் மெதுவா செய்றேன்றான். அதுவரைக்கும் புள்ள வளராம அப்டியே இருக்குமா சார்?" அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. எனக்கோ உன் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பதே வேலையாகப் போயிற்று.

அந்த உடன்படிக்கையில் உனக்குப் பிடித்தது ஒரே ஒரு பிரிவுதான். பிள்ளையைப் பற்றி எந்த முடிவு எடுத்தாலும் அந்தப் பிள்ளையின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது. படிப்பவர்களுக்கு அது சாதாரணமாகத் தெரியும். நம் ஊரில் கவிதா விஷயத்தில்தான் அதன் கனம் எனக்குப் புரிந்தது.

கவிதா வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்த பெண். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள் என்றால் முதல் நாளே தெருவுக்குச் சேதி வந்துவிடும். தோல் மூட்டைகள் கட்டிலுக்கடியில் போகும், பிள்ளைகள் அத்தை வீட்டுக்குப் போவார்கள். கவிதாவை மட்டும் அனுப்ப மறந்திருந்தார்கள், வந்தவர்கள் கண்ணில் பட்டு நம்மிடம் வந்து சேர்ந்தாள். வேலூர் விடுதிக்கு அனுப்பிவிடலாம் என்று குழுவின் பெரியவர்கள் ஐந்தே நிமிஷத்தில் பேசி முடித்தார்கள். அவள் வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"பந்தி உள்ள நடக்குது, பசிக்கிற புள்ள வெளியவா?" என்று போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாய். நாற்காலியில் உட்காரவைத்தாய். "உனக்கு இன்னா வேணும், சொல்லும்மா."

அவள் சொன்னாள்: "நான் போய்ட்டா என் எடத்துல தங்கச்சிய உக்கார வெப்பாங்க."

அறையில் இருந்த ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அவளை வீட்டிலேயே விட்டு, அக்கா தங்கை இருவரையும் பள்ளியில் சேர்த்து, வாரா வாரம் போய்ப் பார்த்துக்கொள்வது என்று நீ சண்டை போட்டு வாங்கினாய். கவிதா இப்போது திருப்பத்தூரில் நர்ஸ். உன் சாவுக்கு வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள்.

அதனால்தான் இன்று நான் தயாராகப் போயிருந்தேன். பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்காதீர்கள், அம்மாவிடமே அனுப்புங்கள் என்று நீ அன்று பேசியதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். பேசவும் ஆரம்பித்துவிட்டேன். தலைவருக்கும் சம்மதம், பேனாவைத் திறந்துவிட்டார். அப்போதுதான் கதவுக்கு வெளியே அந்தத் துப்பட்டா கண்ணில் பட்டது. அவளை நான் கேட்கவே இல்லையே, தோஸ்த்.

"ஒரு நிமிஷம் சார்" என்று போய் அழைத்து வந்தேன். என் நாற்காலியிலேயே உட்காரவைத்துக் கேட்டேன்.

"வூட்டுக்கு வேணாம் மேடம்" என்றாள். "மாமாவுக்குக் கட்டி வெக்கப் பேசிட்டாங்க. தை மாசம் கல்யாணம். ஆஸ்டல்ல விட்ருங்க, நான் படிக்கிறேன்."

தலைவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. கவிதாவுக்கு நீ வாங்கிக்கொடுத்த தீர்ப்பை இந்தப் பெண்ணின் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன். நீ இருந்திருந்தால், "அறிவு கெட்டவளே, இத்தினி நாள் இன்னாத்தக் கத்துக்கின?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருப்பாய். கேட்டுத் தொலைத்திருக்கலாம். உன் வாயால் திட்டு வாங்கி எவ்வளவு நாளாகிவிட்டது.

விடுதிக்கு உத்தரவு எழுதினார்கள், கல்யாணத்தைத் தடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். இனி எந்தப் பிள்ளை வந்தாலும் உன் வாதம் எதையும் நான் கொண்டுபோகப் போவதில்லை. "உனக்கு இன்னா வேணும்" என்ற உன் கேள்வியோடு மட்டும் போகிறேன்.

வராந்தாவில் அவள் அம்மா அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது. அந்தப் பெண் மட்டும் அழவில்லை. என் முழங்கையைத் தொட்டு, "இன்னிக்கே போய்டலாமா மேடம்?" என்றாள்.