சுகம் என்று வந்த கார்டு

என் அருமை அக்கா,

'இங்கு யாவரும் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும்' என்று இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. அந்த வார்த்தையோடு எனக்குச் சண்டை. ஏன் என்று உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

வித்துரா சந்தையில் வழுக்கி விழுந்து தொடையை முறித்துக்கொண்டு வந்தாய். திருவனந்தபுரத்தில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே எலும்பில் இரும்புத் தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். இங்கே அது புது வைத்தியம். யாருக்கு எலும்பு கூடுகிறது, யாருக்குச் சீழ் பிடிக்கிறது என்று குறித்துவைக்க டாக்டர் ஒரு நோட்டுப் போட்டார். வீட்டுக்குப் போனவர்களுக்குக் கார்டு எழுதிக் கேட்பது என் வேலை. தமிழும் மலையாளமும் எழுதுவேன் அல்லவா?

'ஆப்பரேஷனுக்குப் பிறகு சுகமா?' என்று எழுதினேன். எல்லோரும் 'சுகம்' என்றே பதில் போட்டார்கள். நீயும்தான். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். ஒரு எட்டு வந்து உன்னைப் பார்த்திருக்கலாம்; கார்டுதான் வந்துவிட்டதே என்று இருந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து உன்னை வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். கட்டைப் பிரித்ததும் சீழ் நாற்றம் வராந்தா வரை வந்தது. "ஏங்க்கா மறச்ச? சொகம்னு எழுதினியே!" என்று கத்தினேன்.

"நீ காலப் பத்தியா கேட்ட? சொகமான்னுல்லா கேட்ட. தபால்காரன் கார்ட சந்தையில வச்சு வாசிப்பான். அதுல சொகமில்லன்னு எழுத முடியுமா மக்கா?"

நான்காம் நாள் போய்விட்டாய். தப்பு யாருடையது அக்கா?

இப்போது கவருக்குள் வைத்து வேறு மாதிரி கேட்கிறேன். தையல் போட்ட இடத்தில் ஈரம் கசிகிறதா? குத்த வைத்து உட்கார முடிகிறதா? கம்பு இல்லாமல் படி ஏறுகிறீர்களா? "இதும் சர்ஜரியாணோ சிஸ்டரே?" என்று, இந்தக் கேள்விகளும் சர்ஜரியில் சேர்த்தியா என்பதுபோல், டாக்டர் முதலில் சிரித்தார். பதில்கள் வரத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. நோட்டில் சுகம் குறைந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு கவரையும் பிரிக்கப் பயமாக இருக்கிறது.

சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் ஒருவர், 'ஈரம் உண்டு' என்று மட்டும் எழுதியிருந்தார். அன்றே ஆள் அனுப்பி வரவழைத்து, தகட்டை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கி, நேற்றுக் கஞ்சி குடித்தார். 'சுகமா' என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "எங்க வலிக்குது?" என்றேன்.

நோட்டில் உன் பெயருக்கு நேரே என் கையால் எழுதிய 'சுகம்' அப்படியே கிடந்தது. இன்றுதான் அடித்தேன். பக்கத்தில் 'சீழ். மரணம்' என்று எழுத வெகுநேரம் ஆயிற்று.

இனி யாரிடமும் சுகமா என்று கேட்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. நானும் அங்கே வந்து சேரும் நாளில் நீயும் அப்படிக் கேட்டுவிடாதே. நானும் சுகம் என்றே சொல்லிவிடுவேன்.

உன் கார்டை நம்பிய
தங்கை